இரண்டு பேர் தூக்க வேண்டிய டாப்

மேலே திறந்து மூடுகிற கார் ஒன்றை நான் விலைக்கு வாங்கியபோது, அதற்கு மூடி இருக்கிறதா என்று கேட்கவில்லை. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். வெளியூர்க்காரர்கள் இதை எங்கள் ஊர்க்காரர்கள் வாயால் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும்.

மற்றதெல்லாம் பார்த்தேன். புளியங்குடி ரூட்டில் பல வருடம் மினி பஸ் ஓட்டியவன் நான். இன்ஜின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கே என்மேல் ஓர் அபிப்பிராயம். கிளட்ச் மிதித்தேன், கியர் போட்டேன், ஆயில் ஸ்டிக்கை உருவி மோந்துகூடப் பார்த்தேன். பின் சீட்டுக்குப் பின்னால், மடித்து வைத்த டாப்புக்கு மேலே ஒரு உறை போட்டுச் சுற்றிலும் பட்டன் மாட்டியிருந்தது. உறை கொழுகொழுவென்று உப்பியிருந்தது. விற்றவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சித்திரை வெயிலில் மழையை நினைப்பவன் எங்கள் பக்கத்தில் கிடையாது.

முதல் மழைக்கு உறையைத் திறந்தது என் மனைவி செண்பகம். உள்ளே இரும்பு ஃபிரேம் இருந்தது. அதன்மேல் இருக்க வேண்டிய துணி இல்லை. உறை உப்பலாகத் தெரிவதற்காக இரண்டு தலையணையும் ஒரு பழைய போர்வையும் திணித்து வைத்திருந்தார்கள். செண்பகம் மழையில் நின்றுகொண்டு தலையணையைத் தட்டிப் பார்த்தாள்.

"காரோட படுக்கையும் சேத்துக் குடுத்திருக்காரு. நல்ல மனுசன்தான்."

அன்று சாயங்காலம்வரை சிரித்தாள்.

எதற்கு இந்தக் கார்

மினி பஸ் முதலாளி வண்டியை விற்றுவிட்டார். எனக்கு வேலை போனது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மேளதாளத்தோடு அழைத்து வருவார்கள். அந்தக் கார் திருநெல்வேலியிலிருந்து வரும். உள்ளூரிலேயே ஒன்று நின்றால் என்ன என்று தோன்றியது. அது தோன்றாமலே இருந்திருக்கலாம்.

டாப் தைக்க மைதீனிடம் போனேன். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டோவுக்கு ரெக்சின் டாப்பும் சீட்டும் தைக்கிறவன். என் வயதுக்காரன். காரைச் சுற்றி வந்து பார்த்தான்.

"என்னவே இது? பந்தல்காரன்கிட்ட போக வேண்டியத எங்கிட்ட கொண்டாந்திருக்கீரு."

ஆனாலும் தைத்தான். உள்ளே கேன்வாஸ், வெளியே ஆட்டோ ரெக்சின். தண்ணீர் ஒரு சொட்டு இறங்காது. ஆனால் கனம். அந்த ஃபிரேமை இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர் நின்று ஒரே நேரத்தில் ஒரே உயரத்துக்குத் தூக்கி, முன் கண்ணாடிக்கு மேலே இருக்கிற இரண்டு கிளிப்பில் மாட்ட வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

நானும் செண்பகமும் தூக்குவோம். ஒன்று இரண்டு என்று எண்ணுவதெல்லாம் கிடையாது. அவள் "ம்" என்பாள், தூக்குவோம். கிளிப் இரண்டும் ஒரே சத்தத்தில் விழும்.

ஊர்வல வேகம்

இப்படி ஒரு வண்டி வாங்க நினைக்கிற இளைஞர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். பழைய இன்ஜின் ஓடினால் கெடாது, நடந்தால்தான் கெடும். மாப்பிள்ளை ஊர்வலம் என்பது நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகம். அவர் நின்று வாசித்தால் வண்டியும் நிற்க வேண்டும். ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காது. டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போகும். ஃபேனுக்குத் தனி சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் கேன் வைத்துக்கொள்ளுங்கள். பாதி கிளட்ச்சில் உருட்டாதீர்கள், பிளேட் எரியும். அந்த நாற்றம் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குச் சந்தன வாசனையையும் தாண்டித் தெரியும்.

இன்னொன்று பூ. திறந்த காரில் விழுகிற பூ முழுவதும் கீழேதான் கிடக்கும். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் உண்டு. இதழ் அழுகி அந்த ஓட்டையை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும், தரை துருப்பிடிக்கும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மறுநாள் காலை செண்பகம் காரைக் கூட்டுவாள், துடைப்பக் குச்சியால் ஓட்டைகளைக் குத்திவிடுவாள். மெக்கானிக் சொல்லித் தந்ததில்லை, அவளாகவே கண்டுபிடித்தது.

அந்தத் தொழிலில் எனக்கு இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். பஸ் ஓட்டும்போது என்னிடம் பேச ஒரு பஸ் நிறைய ஆள். இங்கே எல்லோரும் பின் சீட்டைப் பார்ப்பார்கள். போட்டோக்காரர் என்னிடம் பேசுகிற ஒரே வார்த்தை, தலையைக் குனியச் சொல்வது. குனிவேன். முழுதாகக் குனிந்தால் ரோடு தெரியாது. அதனால் பனவடலிசத்திரத்திலிருந்து ராயகிரி வரைக்கும் எத்தனையோ கல்யாண ஆல்பத்தில் என் வலது காது மட்டும் இருக்கும். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் செண்பகம் காதைத் திருப்பிப் பார்த்து, போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கும் என்பாள்.

செண்பகம் ஓசூர் போனது

மகளுக்கு ஓசூரில் குழந்தை பிறந்தது. செண்பகம் துணைக்குப் போனாள். மகள் திரும்ப வேலைக்குப் போனதும் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அங்கேயே இருந்துவிட்டாள். என்னையும் வரச் சொன்னாள். வைகாசி முகூர்த்தம் முடியட்டும் என்றேன். அப்புறம் ஆவணி என்றேன். அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்று பயம். பால்கனியில் உட்கார்ந்து அடுத்தவன் காரை வேடிக்கை பார்க்க வேண்டும். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அவள் திரும்பி வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. தினமும் சாயங்காலம் போன் செய்து, சாப்பிட்டீங்களா என்பாள். ஃபேன் பெல்ட் மாற்றினேன் என்பேன். உடம்பு எப்படி இருக்கு என்பாள். பேட்டரி பரவாயில்லை என்பேன்.

காரை நான் கூட்டவில்லை. இதழ்கள் அப்படியே கிடந்தன. சீட்டுக்கடியில் விழுந்த அட்சதை அரிசிக்கு எலி வந்தது. வந்த எலி வயரையும் கடித்தது. பாதி நாள் எனக்கும் எலிக்கும்தான் பேச்சுவார்த்தை. மழை வந்தால் தனியாக டாப் போட முடியாது என்று ஷெட்டிலேயே நிறுத்திவைத்தேன். ரோட்டில் மழை பிடித்தால் வழியில் போகிற யாரையாவது கூப்பிடுவேன். மைதீனிடம் இதைச் சொல்லிப் புலம்பினால், இன்னொரு ஆளைத் தைத்துத் தர என்னிடம் ரெக்சின் இல்லை என்பான்.

ஐப்பசி

புளியங்குடியில் ஒரு கல்யாணம். எலுமிச்சை வியாபாரம் செய்கிற குடும்பம். மாப்பிள்ளை பட்டு வேட்டியும் மாலையுமாகப் பின் சீட்டில் இருந்தார். கோயிலில் இருந்து கிளம்பி பஜாருக்குள் நுழைந்தபோது ஒரு குளிர் காற்று வந்தது. மினி பஸ் டிரைவருக்கு அந்தக் காற்று தெரியும். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். பக்கத்தில் நடந்து வந்த மாப்பிள்ளையின் தாய்மாமாவை இடது பக்கம் பிடிக்கச் சொன்னேன். நல்ல உடற்கட்டு. பழகினால் செண்பகத்தைவிட லேசாகத் தூக்கக்கூடியவர்.

அவர் பிடித்தார். நானும் பிடித்தேன். "ம்" என்று சொல்லிவிட்டுத் தூக்கினேன்.

அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஏதோ சொல்ல வருகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் மேலே போனது, அவர் பக்கம் கீழேயே நின்றது. ஃபிரேம் முறுக்கிக்கொண்டு பாதியில் மாட்டியது. அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. மைதீன் தைத்த டாப்பில் சொட்டு இறங்காது என்று சொன்னேன் அல்லவா, அவ்வளவு தண்ணீரும் பாதி மடிப்பில் குளம்போல் நின்றது. தாய்மாமா அவசரமாக ஒரு தள்ளு தள்ளினார். குளம் மொத்தமும் மாப்பிள்ளையின் தலையில் இறங்கியது.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதற்கு அவர்களுக்கு நேரமில்லை. மாப்பிள்ளையைக் குடைக்குள் இழுத்து ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். மேளக்காரர்கள் பின்னால் ஓடினார்கள். தாய்மாமா மட்டும் போகும்போது திரும்பி, "அண்ணாச்சி, ரெண்டு ஆளு வேலைக்கு ஒத்தையில ஏன் வாரீரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பஜார் நடுவில் நானும் காரும் நின்றோம். காரைச் சுற்றிக் கட்டியிருந்த சீரியல் பல்பு மட்டும் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் கணுக்காலுக்கு நின்றது, வடியவில்லை. குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். ஓட்டை எல்லாம் பூ. ஆவணிக் கல்யாணத்துப் பூ. உட்கார்ந்து விரலால் ஒவ்வொன்றாக நோண்டினேன். போட்டோக்காரர் சொல்லாமலே அன்றைக்கு முழுதாகக் குனிந்திருந்தேன்.

இதில் படிக்க வேண்டிய பாடம் இதுதான். பழைய ஓப்பன் கார் வாங்கப் போகிறவர்கள், விற்பவரை டாப்பை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் தனியாக, ஒத்தை ஆளாகச் செய்து காட்டச் சொல்லுங்கள். அவரால் முடியவில்லை என்றால், வாங்குவதற்கு முன்னால் உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மழை கொஞ்சம் விட்டதும் ஒரு கடை இறவாரத்தில் ஒதுங்கி செண்பகத்துக்குப் போன் செய்தேன். நானாகப் போன் செய்தது அபூர்வம் என்பதால் எடுத்ததுமே என்ன, ஏது என்று பதறினாள். நடந்ததைச் சொன்னேன். தாய்மாமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஏட்டி, நீ அந்தப் பக்கம் நின்னிருந்தா டாப்பு ஏறியிருக்கும்" என்றேன்.

போனில் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு செண்பகம் சொன்னாள்:

"டாப்பு பிடிக்க ஆளு வேணும்னா ஆட்டோ ஸ்டாண்டுல யாரையாவது கூப்பிடுங்க. நான் வேணும்னா, நான் வேணும்னு சொல்லுங்க."