சாமிப்பெட்டியைத் திறந்த கை

போடி ஒச்சப்பனை எனக்கு முதலில் காகிதத்தில்தான் தெரியும். 1954இல் மதுரையில் நான் வக்கீல் குமாஸ்தா. ஏலக்காய் திருடியதாகப் பத்து மாதம் தண்டனை விதிக்கப்பட்டு, ஜாமீனில் இருந்த அவருடைய அப்பீல் கட்டு என் மேஜைக்கு வந்தது.

குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துவது அவர் வேலை. குலசாமியின் பெட்டி அவர் வீட்டில்தான் இருந்தது. மாசி சிவராத்திரிக்கு அதைக் கோயிலுக்குத் தலையில் சுமந்து போவதும் அவர்தான். ஜெயிலுக்குப் போனவன் பெட்டியைத் தொடக் கூடாது என்பது பங்காளிகளின் கட்டுப்பாடு. பத்து மாதத்துக்கு அவர் பயப்படவில்லை, பெட்டி கைவிட்டுப் போவதற்குத்தான் பயந்தார்.

சாமிக்கென்று எஸ்டேட் கணக்குப்பிள்ளை வெள்ளைத்துரை கொடுத்த இரண்டு படி ஏலக்காய்தான் போலீஸ் சோதனைக்கு வந்தபோது அந்தப் பெட்டியில் இருந்தது. அதைச் சொல்ல வெள்ளைத்துரை இரண்டு நாள் கோர்ட்டு வாசலில் காத்திருந்தார். கீழ்க்கோர்ட்டு வக்கீல் கூப்பிடவே இல்லை. சோதனைக்குச் சாட்சியான பங்காளி மலைச்சாமி, வீட்டுப் பக்கமே வராமல் ஸ்டேஷனில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர். அவரையும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. ஃபீஸ் வாங்கிக்கொண்டு வாயில் கொழுக்கட்டை வைத்திருந்த அந்த மனுஷன்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

சட்டப்படி அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் முன்னால்தான் சோதனை நடக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஜெயித்துவிடலாம் என்று எங்கள் வக்கீலே சொன்னார். பிறகுதான் போலீஸ் எழுதிய சோதனை மகஜரின் கடைசி வரியைப் படித்தேன்: 'எதிரி தானாகவே எடுத்து ஆஜர்படுத்தினார்.' கோர்ட்டு பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.

"இது பொய்தானே?" என்று ஒச்சப்பனைக் கேட்டேன்.

"நெசந்தாங்கய்யா. ஏட்டய்யா பூட்சுக் காலோட பெட்டிகிட்டப் போனாரு. சாமிக்குத் தீட்டாயிரும்ல? நில்லுங்கய்யா, நானே எடுத்துத் தர்றேன்னேன். வெரசாக் குளிச்சிட்டு வந்து தெறந்து குடுத்தேன்."

"ஈரத்துணியோடதான் தொட்டாக" என்றார் அவர் மனைவி முனியாயி, பெருமையாக.



தானே எடுத்துக் கொடுத்த பொருளுக்குச் சோதனை விதி எதற்கு என்றார் செஷன்ஸ் நீதிபதி. வெள்ளைத்துரையை இப்போதாவது விசாரிக்கக் கெஞ்சினோம். கீழே விட்டதை மேலே வந்து கேட்க முடியாது, வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரர்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அப்பீல் தள்ளுபடி. ஒச்சப்பனைக் கோர்ட்டிலிருந்தே கொண்டு போனார்கள்.

அவர் விடுதலையான பிறகு வந்த மாசிக்கு நான் போடிக்குப் போயிருந்தேன். பெட்டி மலைச்சாமியின் தலையில் வந்தது. ஒச்சப்பன் குளித்துவிட்டு ஈரத்துணியோடு தெருவோரம் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"தள்ளி நில்லுடா. ஒன் நெழலு பெட்டியில படுது" என்றார் மலைச்சாமி.

ஒச்சப்பன் தள்ளி நின்றார்.