குடை ராட்டினத்துக்கு ஓர் ஆள்

கடற்கரையை விட்டு, கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு மூவரும் நடந்துகொண்டிருந்தோம். அம்மா எங்களுக்கு முன்னால் வேகமாகப் போனாள். புளியோதரை டப்பாவை யாரும் திறக்கவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது, அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை போயிருந்தது. கிரீன் கார்டு இருந்ததால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை, அவ்வளவுதான். அதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பா பகலெல்லாம் வீட்டில் இருப்பதும் கோடை விடுமுறையில் சேர்த்தி என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கடற்கரையில் ஒரு பழைய குடை ராட்டினம் உண்டு. மில் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகுட்டிகளோடு ரயிலேறி வந்து சுற்றிப்போன காலத்தது. மரக்குதிரைகளின் முதுகில் பெயிண்ட் தேய்ந்திருந்தது. நான் ஒரு குதிரையில் சுற்றிக்கொண்டிருந்தபோது, அப்பா அதன் முதலாளியிடம் பேசி ராட்டினத்தை ஓட்டும் வேலையைக் கேட்டு வாங்கிவிட்டார்.

"கோயில்ல யாராவது கேட்டா என்ன சொல்றது?" என்றாள் அம்மா, திரும்பாமலே.

"என்டர்டெயின்மென்ட் கம்பெனில ஆபரேஷன்ஸ்னு சொல்லு. பொய்யா?"

"சிரிப்பு வரல."

"அப்ளை பண்ணாத இடம் இருக்கா சொல்லு. வீட்லயே உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

"டாடி, ராட்டினத்துல எனக்கு ஃப்ரீ ரைடா?" என்றேன் நான்.

பிற்பாடு நானும் படிப்பைப் பாதியில் விட்டு, டெக்சாஸ் வரை அலைந்து, கிடைத்த வேலையெல்லாம் செய்திருக்கிறேன். எந்த வேலைக்கும் யாரும் எனக்கு நேரம் பார்த்துச் சொன்னதில்லை. அப்பாவுக்கு அம்மா சொன்னாள். காரில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்கு முன்னாடி போய்ச் சேந்துடுங்க."

அப்பா தலையாட்டிவிட்டுக் காரைக் கிளப்பினார்.

மறுநாள் காலை, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட ஆபீஸ் சட்டையோடு ராட்டினத்தின் நடுவில் நின்று நெம்புகோலை இழுத்தார். குதிரைகள் கிளம்பின. பழைய ஆபீஸில் அவருக்கு ஒரு நாற்காலிதான் கொடுத்திருந்தார்கள்; இங்கே இத்தனை குதிரைகள். அப்பாவுக்குப் புரமோஷன் கிடைத்துவிட்டது என்றே நம்பினேன். கம்பியோரம் நின்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது சந்தோஷத்தினால் என்றும்.