தோட்டுத் திருகு தேடிய டப்பா

ரேடியோ ரிப்பேர்க்காரனிடம் ஊர் ஜனம் கெட்டுப்போனதையெல்லாம் தூக்கிக்கொண்டு வரும். தொலைந்துபோனதைத் தூக்கிக்கொண்டு வர முடியாதே, அதனால் என்னைத் தூக்கிக்கொண்டு போகும். காரணம், நான் கையாலேயே செய்த ஒரு டப்பா. மண்ணிலோ நெல்லிலோ கிடக்கிற நகைக்குக் கிட்டே கொண்டுபோனால் கூவும். தம்மாத்துண்டுப் பொருளைத் தொலைத்துவிட்டுத் தரையில் மண்டி போட்டுத் தவித்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். நம் கட்சிக்குக் கொடி கிடையாது, மைக் செட்டும் கிடையாது.

வேப்பங்குச்சி

நீடாமங்கலம் கடைத்தெருவில் வீட்டு முன்னறைதான் எனக்குக் கடை. என் மனைவி சரசுவின் இடது காதுத் தோட்டுத் திருகு ஒருநாள் காணாமல் போனது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். வீட்டைப் பெருக்கி, குப்பையைச் சலித்து, சாக்கடையில் கைவிட்டுத் துழாவியும் அகப்படவில்லை. வேறு திருகு பண்ணிப் போடலாம் என்றால் அவள் கேட்கவில்லை. அது அவள் அம்மா போட்ட தோடு. "நான் எங்கயும் போகலீங்க. வீட்டுக்குள்ளதான் கெடக்கு, ஆப்டும்" என்று காதுத் துளையில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். குளிப்பாட்டிப் பட்டுப்புடவை கட்டிய பெண்கள் தோட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். திருகு இல்லாத தோடு நிற்குமா? சரசுவின் அத்தை என் முகத்துக்கு நேரே கேட்டார்: "சுமங்கலியா போறவள ஒத்தத் தோட்டோட அனுப்புறீங்களே மாப்ள?"

பேச்சுக்குரல்

எங்களுக்குக் குழந்தை இல்லை. மெஸ் சாப்பாடு, பழைய ரேடியோக்கள், நான். அந்தத் திருகைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். அவள் போனபிறகு அது எதற்கு என்று கேட்காதீர்கள். அத்தை கேட்டதற்கு அதுதான் என் பதில்.

டப்பாவின் சூட்சுமம் இதுதான். உள்ளே இரண்டு சுருதி ஓடும். ஒன்று மாறாது. இன்னொன்று, மாத்திரை டப்பாவில் நான் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளைப் பொறுத்து மாறும். சும்மா இருக்கும்போது இரண்டும் சேர்ந்து லேசாக உறுமும். தங்கம், வெள்ளி கிட்டே வந்தால் சத்தம் ஏறும். இரும்பு வந்தால் இறங்கும். சொல்ல எவ்வளவு சுளுவாக இருக்கிறது! வெயில் பட்டால் அதுபாட்டுக்கு ஏறும், கை வியர்த்தால் ஏறும். என் மேசை, ஆணியே அடிக்காமல் செங்கல்மேல் போட்ட ஒரு பலாப்பலகை. சோதனைக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. அங்கேயும் வலது ஓரத்துக்குக் கொண்டுபோனால் சத்தம் இழைபோல ஏறும். சனியன், மறுபடி கோளாறு என்று பிரித்துப்போடுவேன்.

உறுமுகிற சாமானோடு தனியாக இருக்கிறவன் அதனிடம் பேசாமல் என்ன செய்வான்? "என்ன இப்ப? எதுக்குக் கத்துற?" என்பேன். பக்கத்து வீட்டு மீனாட்சியக்கா ஒருநாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "தம்பி, விருந்தாளி வந்திருக்காங்களா? பேச்சுக்கொரல் கேக்குதே, காபி போடட்டுமா?"

வைக்கோல் போர்

அறுவடைக் கூலியைக் கூட்டச் சொல்லி ஆட்கள் வயலில் இறங்காமல் நின்ற வருஷம். மிராசுதார் வீட்டுப் பக்கம் கம்பு, கூலி ஆட்கள் தெருப் பக்கம் சிவப்புக் கொடி, நடுவில் போலீஸ். வைக்கோல் போரில் ஆயுதம் ஒளித்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு போலீஸ் அதிகாரி என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். கொளுத்துகிற வெயில். எனக்கோ பயத்தில் உள்ளங்கை வியர்த்து வழிகிறது. டப்பா போர் முழுக்கத் தாறுமாறாகக் கத்தியது. ஒவ்வொரு கூவலுக்கும் அதிகாரி ஒரு ஆளைத் திரும்பிப் பார்த்தார். என் டப்பாவின் கிறுக்குத்தனத்துக்கு யாரோ லாக்கப்பில் அடிவாங்கப் போகிறான். பட்டென்று ஸ்விட்சை அணைத்து, "பேட்டரி தீர்ந்துபோச்சு சார்" என்றேன்.

அவர் விடுவதாயில்லை. "ஒரு அரிவாள்கூட இல்லன்னு சொல்லுவீங்களாய்யா?" என்று தெருவைப் பார்த்து அதட்டினார். கொடி பிடித்திருந்த பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "வீட்டுக்கு ரெண்டு இருக்குங்க. அரிவா இல்லாம கதிர நகத்தாலயா கிள்ளுறது?"

வெள்ளி அரைஞாண்

அதே மிராசுதார் வீட்டு அம்மாவின் மோதிரம் பிறகு ஒரு போகத்தில் களத்து நெல்லில் விழுந்துவிட்டது. நெல் தூற்றிய பெண்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, மடியை உதறச் சொல்லி மிரட்டிக்கொண்டிருந்தார் பண்ணையை மேற்பார்க்கிற காரியக்காரர். நான் நெற்குவியல் பக்கம் குனிந்தபோதெல்லாம் அவரும் பின்னாலேயே குனிந்தார். டப்பா நன்றாக ஏறிக் கூவியது. அவர் நகர்ந்தால் அடங்கியது. மறுபடி வந்தார், மறுபடி கூவியது. களமே அவரைப் பார்க்கிறது! மனிதர் வெலவெலத்துப்போய் வேட்டியைத் தளர்த்தி இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணைக் காட்ட வேண்டியதாயிற்று. மோதிரம் கடைசியில் பதர்க் குவியலில் கிடைத்தது.

வரிசையில் நின்ற அஞ்சலை என்கிற பெண் மடியை உதறிக் கட்டிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "ஆளு பாத்துக் கத்தாத சாமான் ஊருக்குள்ள இது ஒண்ணுதாண்ணே."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இல்லை. சரசு இருந்திருந்தால் அரைஞாண் கதையை மூன்று தரம் சொல்லச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

மெழுகு

கம்பிச் சுருள் மயிரிழை அளவு அசைந்தாலும் சுருதி போய்விடும். அதை அசையாமல் பிடிக்க என்னென்னவோ ஊற்றிப் பார்த்துத் தோற்று, சுவாமிமலைக்கு பஸ் ஏறினேன். அங்கே சிலை வார்க்கிற பட்டறைகளில் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சுவார்கள். ஆறினால் அசைக்க முடியாது. ஒரு ஸ்தபதியிடம் கையளவு கேட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்களுக்கு மெழுகு உருகி வெளிய போனாத்தான் வேல முடியும். உங்களுக்கு உள்ளயே உக்காந்திருக்கணுமா? நல்ல பொழப்பு சார்!"

சுருளை அந்த மெழுகில் முக்கி எடுத்து, கையின் ஈரம் எட்டாதபடி சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி, அதை ஒரு கம்பியால் டப்பாவோடு இணைத்தேன். தாளின் இரு முனையும் ஒட்டாமல் விட வேண்டும், ஒட்டினால் டப்பா செவிடு. வெயிலில் வைத்தேன், ஈரக் கையால் பிடித்தேன். ஒரே உறுமல், இம்மி பிசகவில்லை. நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன்.

பலகை

அப்புறம் வீட்டை அங்குலம் அங்குலமாகத் தடவினேன். அடுப்படி, பூஜை மாடம், கொல்லைத் திண்ணை. ஒன்றுமில்லை. அலுத்துப்போய் டப்பாவைப் பலகையில் வைக்கப் போனேன். வலது ஓரத்தில் சத்தம் இழைபோல ஏறியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைச் சுவரில் அடித்திருப்பேன். ஆனால் இப்போது வெயில் இல்லை, கை காய்ந்திருக்கிறது, சுருள் மெழுகுக்குள் இருக்கிறது. அப்படியானால் கோளாறு டப்பாவில் இல்லையே!

மத்தியானங்களில் சரசு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஓரத்தில்தான் இடது கன்னத்தைச் சாய்த்து, நான் சரிபண்ணிய ரேடியோவில் பாட்டுக் கேட்பாள். பலகை வெடிப்பில், நான் ரேடியோக் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்ற வைக்கும்போது வழிந்து இறுகிய குங்கிலியப் பிசின் கட்டி கறுப்பாக உட்கார்ந்திருந்தது. ஊசியால் நெம்பினேன். உள்ளே திருகு.

அதன் புரியெல்லாம் பிசின் ஏறியிருந்ததால் கும்பகோணத்தில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு நகைப் பத்தரிடம் தோட்டோடு கொண்டுபோனேன். சுத்தம் பண்ணி, முடுக்கி, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கச்சிதமா ஏறுது சார். அம்மாவ ஒருநாள் கூட்டிட்டு வாங்க, காதுல போட்டுப் பாத்துடலாம்."

தேடுகிற பொருள் இத்தனை வருஷமாக 'இங்கே இருக்கேன்' என்று கூவக் கூவ, அதைக் கோளாறு என்று சொல்லிப் பிரித்துப் பிரித்து ரிப்பேர் பார்க்க எங்கள் தொழில்காரனால் மட்டும்தான் ஐயா முடியும்.