வீராணத்தில் விரால் தேடிப் போன செவ்வாய்க்கிழமை

காலை நான்கே முக்கால் மணிக்கு நெய்வேலி பஸ் நிலையத்தில் நின்றோம். என் கையில் இரண்டு மூங்கில் கழிகள். மனைவி செல்லக்கனியின் கையில் புளிச்சோற்றுத் தூக்கு. எங்கள் காலடியில் ஈரத்துணி கட்டிய மண்சட்டி. அதற்குள் ஆறு தவளைக் குஞ்சுகள். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நான் மைன்ஸில் ஃபிட்டர், குடியிருந்தது கம்பெனி குவார்ட்டர்ஸில். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. செல்லக்கனிக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். முந்தின ஞாயிற்றுக்கிழமை, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

“அண்ணனுக்குக் காயிதம் போட்டிருக்கேன். வார சனிக்கிழமை வாரான். நான் அவன்கூடப் போறேன். எப்ப வருவேன்னு கேக்காதீங்க. எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. எனக்கு மூச்சு முட்டுது.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஊரில் போய் என்ன செய்வாய் என்று கேட்டேன். “வாய்க்கால்ல தூண்டி போடுவேன்” என்றாள். ஏழு மாதத்தில் இது எனக்குத் தெரியாது.

மறுநாளே ஷிப்டில் கலியபெருமாளைப் பிடித்தேன். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், சுற்றுவட்டார ஏரிகள் அத்தனையும் அறிந்தவர்.

“வீராணத்துக்குப் போங்க. பங்குனியில தண்ணி வத்தி வெதுவெதுன்னு இருக்கும். காலைல விரால் கரையோரம் மேயும். வெயில் ஏறிச்சின்னா பாசிக்கு அடியில பூந்துக்கும். ஏழு மணிக்கெல்லாம் கரையில நிக்கணும்ங்க. வலைய எடுத்துக்கினு போவாதீங்க, குத்தகைக்காரன் சண்டைக்கு வருவான். தூண்டில்னா கண்டுக்க மாட்டாங்க.”

இரைக்கு உயிர்த்தவளை, தடித்த நைலான் நரம்பு, பெரிய முள் என்று எல்லாம் சொன்னார். ஒன்றுவிடாமல் சேகரித்தேன்.

ஐந்து மணி பஸ். வடலூரில் இறங்கி மாறினோம். சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் கண்டக்டர் கழிகளைப் பார்த்துச் சிரித்தார். “மீன் புடிக்கவா சார்? வூட்டம்மாவையும் கூட்டிக்கினா?” செல்லக்கனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறரைக்குச் சேத்தியாத்தோப்பு. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. கரை மேல் ஏறியதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. நீர் பின்வாங்கிய இடமெல்லாம் சேறு, அதில் நாரைகள், அப்பால் பாசி படர்ந்த பழுப்பு நீர். “கடல் மாதிரிலா இருக்கு” என்றாள்.

ஏழேகாலிலிருந்து ஒன்பது வரை நான் தூண்டில் போட்டேன். வீசிய வேகத்தில் இரண்டு தவளைகள் முள்ளிலிருந்து கழன்று பறந்தன. ஒன்று என் சட்டையிலேயே வந்து விழுந்தது. பின்னால் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், பெயர் அஞ்சலை, அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “இன்னாங்க, துணி தொவைக்கிற மாதிரி அடிக்கிறீங்க? மதவாண்ட போங்க, அங்கதான் நெழலு.”

செல்லக்கனி சிரித்தாள். சத்தமாக. பிறகு சேலையைச் செருகிக்கொண்டு, “கொண்டாங்க இங்க” என்று கழியை வாங்கினாள்.

மதகருகே பாசியின் இடைவெளியில் தவளையை இறக்கினாள். வீசவில்லை, நீரின் மேல் மெல்லத் தட்டினாள், நிறுத்தினாள், மறுபடி தட்டினாள். பத்து நிமிடம் இருக்கும். ‘பொளக்’ என்று ஒரு சத்தம். கழி வளைந்தது. விரால் நரம்போடு பாசிக்குள் புகுந்து சுற்றிக்கொண்டது.

“இறங்குங்க! நரம்ப எடுத்து விடுங்க, இழுக்காதீங்க!”

இறங்கினேன். சேறு முழங்கால்வரை உள்வாங்கியது. அடுத்த அடியில் நெஞ்சுவரை நீர். கையால் துழாவிப் பாசியைப் பிய்த்தேன். என் விலாவில் மீன் ஓர் அடி அடித்தது. அவள் கழியோடு பின்பக்கமாக நடந்து மீனைக் கரைக்கு இழுத்தாள். விரால் அவள் முழங்கை நீளம் இருந்தது. அஞ்சலை ஓடிவந்து புல்லால் அமுக்கிப் பிடித்தாள். “நல்ல கையிம்மா ஒனக்கு” என்றாள்.

புளிச்சோறு தின்னும்போது, “சனிக்கிழமை?” என்று கேட்டேன்.

“போகத்தான் போறேன்” என்றாள். தூக்கை மூடிக்கொண்டே, “ஆனா இன்னைக்கு நல்லா இருந்துச்சு.”

அவ்வளவுதான். சனிக்கிழமை வந்த அண்ணனோடு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். நான் தடுக்கவில்லை.

இரண்டு மாதத்துக்குப் பின் வந்த அஞ்சலட்டையில் ஒரே வரி: ‘வீராணத்தில் தண்ணி இருக்கா?’

எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஓய்வு நாளில் அதே பஸ்களில் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஏரி வறண்டிருந்தது. நாங்கள் நின்ற இடத்தில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஆடு மேய்ந்தது. இருக்கிறது என்று எழுதிவிடலாமா என்று யோசித்தபடியே திரும்பினேன். கடைசியில், ‘ஒரு சொட்டும் இல்லை. ஆடிக்கு மேல்தான் வருமாம்’ என்று உள்ளதையே எழுதினேன்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தால், குவார்ட்டர்ஸ் வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் தண்ணி வரலையே” என்றேன்.

“தெரியும்” என்றாள். “வந்து நிறையுததப் பார்க்கணும்லா.”