டெரிக் மாமாவும் சாக மறுத்த சென்சாரும்

என் அக்கா பெர்னதெத்தைக் கட்டிய டெரிக் மாமா வீட்டில் எந்த பேட்டரியும் நிம்மதியாகச் செத்தது கிடையாது. டிவி ரிமோட்டில் சோர்ந்துபோன செல்லைக் கழற்றிப் பல்லால் கடிப்பார், உள்ளங்கையில் உருட்டுவார், மொட்டை மாடியில் வெயில் காட்டுவார். அதற்கும் மசியாவிட்டால் சுவர்க் கடிகாரத்துக்கு இடமாற்றம். எங்கள் பேட்டை ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்க மணி ஆறென்றால் அவர் வீட்டில் நாலரை. எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் மச்சான் நான் ஒருத்தன் இருக்கிறேனே, புது செல் கேட்டால் என்ன குறைந்துபோகும்? கேட்கமாட்டார். வறட்டுக் கௌரவம்!

அவருக்கு வாழ்க்கையில் இரண்டே பெருமைகள். ஒன்று இந்த பேட்டரி வைத்தியம். இன்னொன்று, பதினெட்டு வருஷமாக எங்கள் சர்ச்சிலிருந்து வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்டில் அவர்தான் கிறிஸ்மஸ் தாத்தா. தொப்பை சொந்தம், தலையணை தேவையில்லை. பதினோரு மாதம் அச்சகத்தில் காலை ஷிஃப்ட் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வரும் மனிதர், டிசம்பர் வந்தால் தெருவுக்கே கேட்கச் சிரிப்பார்.

இந்த வருஷம் அவர் சுகர் முந்நூறைத் தொட்டது. அக்கா சட்டம் போட்டாள்.

"கேரல் முடியற வரைக்கும் ஸ்டோர் ரூம்ல இருக்கிற கிறிஸ்மஸ் கேக்ல கை வச்சீங்க, செவப்பு டிரெஸ் கிளிஃபர்டுக்குப் போயிடும்."

கிளிஃபர்ட் என்பது நான். ஐயோ, எனக்கெதற்கு அந்த வெல்வெட் மூட்டை? குழந்தைகளைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அக்கா கேட்பாளா? ஸ்டோர் ரூமில் என்னையே ஒரு மோஷன் சென்சார் மாட்டச் சொன்னாள். உள்ளே ஆள் நடமாடினால் அவள் போனுக்கும் என் போனுக்கும் செய்தி வரும். பேட்டரி இலாகா மாமாவுடையது என்பதால், செல் குறைந்தால் வரும் எச்சரிக்கை மட்டும் அவருக்கும் போகும். நல்ல லித்தியம் செல் இரண்டு போட்டேன். இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை.

இரண்டு புது செல்கள் சும்மா உட்கார்ந்து கேக்கை வேடிக்கை பார்ப்பதை மாமாவால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் அக்கா அரிசி எடுக்கப் போனபோது பின்னாலேயே போய், அவற்றை ரிமோட்டுக்கு மாற்றி, ரிமோட்டின் கிழட்டு செல்களை சென்சாரில் போட்டுவிட்டார். மறுநாளே மூன்று போனிலும் 'பேட்டரி குறைவு' என்று வந்தது. உடனே எனக்கு போன்.

"மச்சான், உன் சென்சார் மண்டையப் போட்டுடுச்சு!"

"இல்ல மாமா, அது முன்கூட்டியே சொல்றது. இன்னும் கொஞ்ச நாளைக்கு…"

"அட பிடு, விடு மச்சான். பேட்டரியப் பத்தி எனக்கே பாடமா?" வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் மாலை மூன்றரைக்கு என் போன் துடித்தது: ஸ்டோர் ரூமில் நடமாட்டம். அக்கா ஸ்கூல் ஆபீஸில் இருக்கும் நேரம். டிரெஸ் என் தலையில் விழப்போகிறதே! எலியாக இருக்கும் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எலி டப்பா மூடியத் திருப்பி மூடுமாடா? கத்தியக் கழுவி வைக்குமா?"

ஏழு நாள் பொறுத்தாள். கேரல் அன்று காலை போனை மாமா முன்னால் வைத்தாள்.

"பேட்டரி லோன்னு வந்துச்சே!" என்றார் மாமா.

"லோன்னுதான வந்துச்சு? உங்களுக்குக்கூடத்தான் மாடி ஏறினா மூச்சு வாங்குது. திங்காமயா இருந்தீங்க?"

டிரெஸ்ஸை மாமாவே இஸ்திரி போட்டு, அவரே என் கையில் கொடுத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அன்று சாயங்காலம், முதல் வீட்டிலேயே மானம் போனது. தலையணை முழங்காலுக்கு இறங்கியது. சிரிக்கப் பார்த்தேன், இருமல்தான் வந்தது. அந்த வீட்டுக் குழந்தை சுப்ரியாவுக்கு ஆறு வயது. எனக்காகக் கொண்டுவந்த கேக்கைத் தராமல் கத்தினாள்:

"இவரு டூப்பு! அந்த அங்கிள்தான் தாத்தா!"

கேட் ஓரமாக டிரம்மோடு நின்ற மாமாவைத்தான் காட்டினாள். ஒரு தலையசைப்பு போதும், டிரெஸ் அவருக்கே. ஆமென்று சொல்லுங்களேன் என்று தாடிக்குள்ளிருந்து கெஞ்சினேன். மாமா மெல்ல வந்து அவள் முன்னால் மண்டியிட்டார்.

"இல்லம்மா. இந்த வருஷம் இவருதான். நான் வீட்ல கேக் திருடித் தின்னுட்டேன். ஏழு நாள். அதான் டிரெஸ்ஸப் புடுங்கிட்டாங்க."

சுப்ரியா கொஞ்சம் யோசித்தாள். கேக்கை அவரிடமே நீட்டினாள்.

"உண்மையச் சொல்லிட்டீங்கல்ல. சாப்பிடுங்க."

மாமாவின் கை பாதி எழுந்து நின்றுவிட்டது. கேரல் கூட்டம் மொத்தமும், கூடவே பாட வந்திருந்த அக்காவைப் பார்த்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கேக்கைப் பாதியாக்கினாள், அதையும் பாதியாக்கினாள், இருப்பதில் சின்னதைத் தன் கையாலேயே அவர் வாயில் வைத்தாள்.

"போதும். டிரெஸ்ஸ மாத்துங்க, அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் அந்த வெல்வெட் பேண்ட்டைப் பாதி கழற்றியிருந்தேன்.