போடாத கையெழுத்து

பூங்கோதை விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைத் துடைப்பவள். புருஷனின் ஆபரேஷனுக்கு மகளிர் குழுவில் கடன் வாங்கினாள். அதை அடைக்க இன்னொரு குழு, அதையும் அடைக்க மூன்றாவது. செவ்வாய்க்கிழமை வசூலில் கடைசி ஆள் கட்டும்வரை ஒருத்தியும் எழுந்து போக முடியாது. தாமதித்தால் அதிகம் ஏசுபவள், கூடவே வேலை செய்யும் பக்கத்து வீட்டு அமிர்தம்.

ஒரு செவ்வாய், கையில் காசில்லாமல் பூங்கோதை பட்டறைச் சூளைக்குப் பின்னால் ஒளியப் போனாள். அங்கே அமிர்தம் முன்பே குந்தியிருந்தாள்.

"நீங்களுமாக்கா?"

"எனக்கும் மூணு குழுடி. இனிமே உனக்கு நான் ஜாமீன் போட மாட்டேன், எனக்கு நீ போடாத. இல்லன்னா ரெண்டு பேரும் முழுகிடுவோம்."

பூங்கோதை தலையாட்டினாள். தலையாட்டக் காசா பணமா!

மறுவாரம் வசூல்காரர் சிரித்தபடி அவளிடம் புதுக்கடனை நீட்டினார். "பழசு முடிஞ்சுடும், கையிலயும் கொஞ்சம் நிக்கும். ஒரு ஜாமீன் கையெழுத்து போதும்மா."

வீட்டில் அரிசி இல்லை. "போடுங்கக்கா" என்று பூங்கோதை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமிர்தத்திடம் கெஞ்சினாள்.

அமிர்தம் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "மாட்டேன்."

அன்று சாயங்காலம் அமிர்தம் தன் வீட்டு அரிசியில் பாதியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். பூங்கோதை அவளோடு பேசவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.