கம்பவுண்டர் டை அடித்துக்கொண்ட வாரம்

மே மாதத்தில் எங்கள் மலையில் மங்கி குல்லாய் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் சமவெளியிலிருந்து வரும் சுற்றுலாக்காரர்கள் மட்டும்தான். ஏரிக்கரையில் வாங்கிய குல்லாயை அங்கேயே மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். இங்கேயே இருக்கும் எங்களுக்கு அது மார்கழிப் பனிக்கு உரியது. அதனால் அன்று காலை எங்கள் கம்பவுண்டர் காதும் கழுத்தும் மூடிய மெரூன் நிறக் குல்லாயோடு டிஸ்பென்சரிக்குள் நுழைந்ததும் அவருக்குக் காய்ச்சல் என்று நினைத்துத் தெர்மாமீட்டரைத் தேடினேன். "ஒண்ணுமில்ல கண்ணு, காதுல காத்துப் போவுது" என்று சொல்லிவிட்டு மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டின் டிஸ்பென்சரி அது. டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் கம்பவுண்டர்தான் எல்லாம். நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு நான் அங்கே உதவிக்குச் சேர்ந்தபோது, அவர் மருந்தைவிடப் பேச்சை அதிகம் கொடுப்பதாக எனக்குத் தோன்றியது. ஊசிக்குப் பயந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம், "இன்னைக்கு ஊட்டுல என்ன கொழம்பு?" என்று கேட்பார். அந்த ஆள் யோசித்து, கீரையா பருப்பா என்று சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். அவர் கை பட்டால் வலிக்காது என்று செம்மநத்தத்திலிருந்துகூட ஆட்கள் நடந்து வருவார்கள். ஊரில் எல்லாருடைய பயத்தையும் வாங்கி வைத்துக்கொள்கிற ஆளாக இருந்தார் அவர். அவருக்கே ஒரு பயம் வந்தபோது அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இடம் தெரியவில்லை.

சில வாரங்களாகவே அவருக்குத் தலைசுற்றல் இருந்தது. ஸ்டூலிலிருந்து எழும்போது அலமாரியைப் பிடித்துக்கொள்வார். படுத்துப் புரண்டால் வீடே சுற்றுகிறது என்றார். சேலத்து டாக்டர், எதற்கும் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதை என்னிடம் சொன்ன அன்றே அவர் பேச்சு குறைந்துவிட்டது. எத்தனையோ பேரை ஸ்கேனுக்கு அனுப்பியவர், அந்த மெஷின் எப்படி இருக்கும் என்று யாரோ ஒருத்தருக்காக விசாரிப்பதுபோல என்னிடம் விசாரித்தார். "உள்ளாற போனவங்க யாராச்சும் பாதியில வெளிய வந்துருக்காங்களா கண்ணு?" என்று ஒருநாள் கேட்டார். வரலாமுங்க சார், கையில் ஒரு பந்து கொடுப்பார்கள், அமுக்கினால் நிறுத்திவிடுவார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு பின்பக்கம் போய் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கொண்டுபோய் வைத்த டீ ஆறிப்போனது.

குல்லாய் போட்டு வந்த அந்த நாள் சேர்வராயன் கோயில் திருவிழா. எஸ்டேட்டில் வேலை கிடையாது. ஆட்கள் எல்லாரும் மலை மேலே கோயிலுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் அவருக்கு ஸ்கேன். ஆத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த அவர் மனைவி, மறுநாள் கூடப் போவதற்காக அன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் பக்கத்தில் இருந்தால் யாராலும் நெடுநேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க முடியாது. பையைக்கூடக் கீழே வைக்காமல் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, வேர்த்து வடியுது, இதென்னங்க வேஷம்?" என்று கேட்டுக்கொண்டே குல்லாயைப் பிடித்து இழுத்துவிட்டார்.

நான் அப்படி ஒரு தலையை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. முன்பக்கம் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. உச்சி முழுக்கக் கனிந்த கமலா ஆரஞ்சின் தோல் நிறம். பின்பக்கம் பழையபடி வெள்ளை. நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை, இரண்டு காது மடலிலும் மை. டவுனில் ஒரு பாக்கெட் டை வாங்கிவந்து, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஷேவிங் பிரஷ்ஷால் பூசியிருக்கிறார். பாதியில் கலவை இறுகிப்போக, தண்ணீரை ஊற்றி இளக்கியிருக்கிறார். பின்னந்தலை சின்னக் கண்ணாடியில் தெரியவில்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நான் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. கம்பவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை.

டிஸ்பென்சரிக்குப் பின்னால்தான் அவர்கள் குவார்ட்டர்ஸ். வெந்நீர் போட்டு, அவரை வாசலில் முக்காலி போட்டு உட்கார வைத்தோம். முடிவெட்டுகிறவரும் திருவிழாவுக்குப் போயிருந்தார். இருந்திருந்தாலும் கம்பவுண்டர் அங்கே போயிருக்க மாட்டார். அந்தக் கடைக்கு ஒரு சங்கதி போனால் அது மலை முழுக்கப் போனதாக அர்த்தம். சேலத்தில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை செய்யும் என் சிநேகிதிக்குப் போன் போட்டேன். அவள் சிரித்து ஓய்ந்துவிட்டு, மறுபடியும் கறுப்பைப் பூசிவிடாதே, முதலில் ஷாம்பு போட்டு இரண்டு மூன்று தடவை அலசு, பிறகு கரும்பழுப்பு நிறத்தை வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தில் ஆரம்பித்து உச்சிக்கு வா, முன்பக்கத்தைத் தொடாதே என்றாள். அந்த நிற டை ஒரு பாக்கெட் எங்கள் வீட்டில் இருந்தது, ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

முதல் தடவை ஷாம்பு தேய்க்கும்போதே இதெல்லாம் எதற்கு என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது. "பேசாம மொட்டை போட்டுரலாமுங்க. கோயிலுக்கு வேண்டுதல்னு சொல்லிக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

கம்பவுண்டர் குனிந்து நெற்றியில் வழிந்த நுரையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "தம்பிக்கும் மொதல்ல மொட்டைதான் அடிச்சாங்க" என்றார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்து இறந்துபோனது எனக்குத் தெரியும். நான் வேலைக்கு வருவதற்கு முன்பு நடந்தது அது. நான் அவரைப் பார்த்ததே இல்லை. அந்தத் தம்பிக்கும் முதலில் வந்தது தலைசுற்றல்தான் என்பது அன்றுதான் தெரிந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி என்றார்கள், மொட்டையடித்து ஆபரேஷன் செய்தார்கள். கம்பவுண்டர்தான் கூடவே இருந்திருக்கிறார். "மொட்டை அடிச்ச எடத்துல வெள்ளையாத்தான் மொளைச்சுது. என்னைய விட மூத்தவனாட்டம் கெடந்தான். இப்பக் கண்ணாடியப் பாத்தா நான் தெரியறதில்ல, அவன்தான் தெரியறான். அதான் டை அடிச்சேன்."

அவர் கிழடு தட்டாமல் தெரிய ஆசைப்பட்டு அடித்துக்கொண்டதாக நான் நினைத்திருந்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஷாம்பு நுரை வழியும் கைகளோடு அவர் கணவரின் பின்னால் அப்படியே நின்றார். அவர் முகம் எனக்குத் தெரிந்தது, கம்பவுண்டருக்குத் தெரியவில்லை. உதட்டை ஒருமுறை கடித்துக்கொண்டார். பிறகு எப்போதும்போல வெடுக்கென்று பேசினார். "உங்க தம்பி ராசாவாட்டம் இருப்பாருங்க. அந்த மூக்கும் முழியும் உங்களுக்கு ஏதுங்க? கண்ணாடிய நல்லாத் தொடச்சுட்டுப் பாருங்க."

கம்பவுண்டரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் அருகில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்காமல் இருமல் வந்து, நுரை கண்ணில் இறங்கி, "துண்டு, துண்டு" என்று கையை நீட்டினார்.

அதன் பிறகு வேலை சுலபமாக நடந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் நான் பின்னந்தலையில் வகிடு வகிடாகப் பூசிக்கொண்டு வர, அக்கா தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்து நெற்றிக் கறையைத் தேய்த்தார். தேய்த்த வேகத்தில் நெற்றி சிவந்துபோனது. காத்திருந்த நேரத்தில் மூன்று பேரும் பலாச்சுளை தின்றோம். முக்காலியில் உட்கார்ந்தபடியே கம்பவுண்டர் தம்பியைப் பற்றிப் பேசினார். நோயைப் பற்றி இல்லை. சின்ன வயதில் இரண்டு பேரும் காப்பிக் காட்டில் தேன் எடுக்கப் போய்க் கொட்டு வாங்கியதையும், வீங்கிய முகத்தோடு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததையும் சொன்னார். அலசி முடித்துப் பார்த்தபோது தலை நிழலில் ஒரே நிறமாக இருந்தது. வெயிலுக்கு வந்தால் உச்சியில் கொஞ்சம் செம்பு மின்னியது. பரவாயில்லை, ஸ்கேன் சென்டரில் வெயில் அடிக்காது என்றார் அக்கா.

மறுநாள் மூன்று பேரும் பஸ்ஸில் மலை இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றாமல் இருக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். சேலத்து வெக்கை முகத்தில் அடித்தது. ஸ்கேன் சென்டரில் மோதிரம், வாட்ச், அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். ஒவ்வொன்றாக அக்காவின் கையில் கொடுக்கக் கொடுக்க அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்து பார்த்தேன். "சார், இன்னைக்கு ஊட்டுல என்ன கொழம்புங்க?" என்றேன்.

"அது நான் கேக்கற கேள்வி கண்ணு. உனக்குக் கேக்க வரல" என்றார். ஆனாலும் லேசாகச் சிரித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

கதவு மூடியது. டொக் டொக்கென்று மெஷின் சத்தம் வெளியே கேட்டது. அக்கா மடியில் இருந்த மோதிரத்தைத் தன் விரலில் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். சொன்ன நேரத்தைத் தாண்டியும் அவர் வெளியே வரவில்லை. அக்கா எழுந்து கதவருகே போவதற்கும், மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது. அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர் நன்றாகத் தூங்கிவிட்டார், குறட்டையில் தலை ஆடுகிறது, எழுப்பி மறுபடியும் எடுக்கிறோம் என்றாள். அவர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

மாலையில் டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, தலைக்குள்ளே பயப்பட ஒன்றும் இல்லை, உள்காதில் சின்னக் கோளாறு, தலையைச் சாய்த்துச் செய்யும் பயிற்சியிலேயே சரியாகிவிடும் என்றார். "தலைக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியாதுங்களா" என்று அக்கா சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்ததும் கம்பவுண்டர் பசிக்கிறது என்றார். தள்ளுவண்டிக் கடையில் நின்று, இரண்டு தட்டைகளுக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட் வாங்கி, சட்னி ஒழுக ஒழுகத் தின்றார். இன்னொரு தட்டு வாங்கித் தின்றார். பிறகுதான் எங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார்.

இப்போது டிஸ்பென்சரி என் பொறுப்பில் இருக்கிறது. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டோடு வருகிறவர்களிடம், ஒன்றுமில்லை என்று நான் உடனே சொல்வதில்லை. என்ன பயம் என்று முதலில் கேட்கிறேன். கம்பவுண்டர் ஓய்வு பெற்றுச் செம்மநத்தத்தில் சொந்த வீட்டைச் சுற்றி மிளகும் கொஞ்சம் காப்பியும் வைத்திருக்கிறார். அந்த வாரத்துக்குப் பிறகு அவர் டை அடிக்கவே இல்லை. தலை பஞ்சுபோல வெளுத்துவிட்டது. போன மாதம் போயிருந்தேன். முன்பு அவர்கள் வீட்டில் நான் பார்த்தேயிராத ஒரு படம் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. தம்பி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே நெற்றி, அதே மூக்கு, காது மடலின் வளைவுகூட அதேதான். அச்சு அசல் கம்பவுண்டர்.

நான் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அக்கா காப்பி ஆற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. கம்பவுண்டர் படத்தைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு அக்கா சொன்னது நெசந்தானே கண்ணு? அவன்தான் நொம்ப அழகு."

"ஆமாங்க சார்" என்றேன்.

உள்ளே மறுபடியும் காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது.